நிந்தவூர்ப் பூங்கன்றுத் தோட்டமும் பெட்ரியாக் கொடியும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுப் பக்கம் போகும்போது சாய்ந்தமருது, காரைதீவு தாண்டினால் நிந்தவூர். பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒழுங்கை ஒன்றில் ஒரு பூங்கன்றுத் தோட்டம் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. மதிலுக்கு மேலே தெரியும் பச்சை நிழல்வலைதான் அடையாளம். கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் நான் ஒரு பூங்கன்றுக்காக இத்தனை தூரம் பஸ் ஏறிப் போவதற்குக் காரணம் பெட்ரியா என்ற ஒரு கொடி. அதைப் பற்றியும், அதை விற்கும் இந்த இடத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கன நாளாக நினைத்திருந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்ரியா வாங்க விரும்பும் மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் நம்பி இங்கே போகலாம். குறைகளும் உண்டு, அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் பக்கம் வேலிக்கு வேலி கடதாசிப்பூ நிற்கிறது. கோயில் வளவுகளில் செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி. அவற்றில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கொடியில் ஊதா நிறம் வேண்டும் என்றால் பெரும்பாலானவர்களுக்குச் சங்குப்பூவைத் தாண்டி ஒன்றும் தெரிவதில்லை. பெட்ரியாவின் பூங்கொத்து ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கும், சிலவேளை அதற்கும் மேலே. ஒரு கொத்தில் இருபது முப்பது பூ இருக்கும். நன்றாக வேர்விட்ட கொடி ஒன்று பூக்கத் தொடங்கினால் இலையே தெரியாது. மாரி மழை ஓய்ந்து வெயில் ஏறும் மாசி, பங்குனியில் எங்கள் வளவில் அது பூக்கும்போது ஒழுங்கையால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு பதிலாகவும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பூவைக் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும். நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். பூவின் பகுதிகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பூ எனக்குக் கிடைத்ததில்லை. தூரத்தில் நின்று நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் புல்லிகள், அதாவது பூவின் வெளிச்சுற்று மடல்கள். ஐந்து, நீளமாக, மெல்லிய வெளிர் ஊதாவில் விரிந்திருக்கும். அவற்றின் நடுவில் சின்னதாகக் கடும் ஊதாவில் உட்கார்ந்திருப்பதுதான் அல்லிவட்டம், உண்மையான இதழ்கள். அதில் ஒரு மடலில் மட்டும் வெள்ளைப் பொட்டு ஒன்று இருக்கும். அல்லிவட்டம் விரைவிலேயே கழன்று விழுந்துவிடும். காலையில் கொடியின் அடியில் மணல் முழுக்கக் கடும் ஊதாவாகக் கிடக்கும். புல்லிகள் விழமாட்டா. அவை கொத்திலேயே வாரக்கணக்கில் நின்று, ஊதா மெல்ல மெல்ல வெளிறிச் சாம்பல் கலந்த பச்சைக்கு வரும். இதனால்தான் மற்றக் கொடிகளைவிட இது கன நாள் பூத்து நிற்பதுபோலத் தெரிகிறது. காய் முற்றிக் காய்ந்ததும் அதே ஐந்து புல்லிகள் இறக்கையாகிவிடுகின்றன. கொத்திலிருந்து ஒன்றைக் கிள்ளி மேலேயிருந்து விட்டுப் பாருங்கள், சுழன்று சுழன்று இறங்கும். விதையைத் தாய்க்கொடிக்குத் தூரமாகக் காற்றில் அனுப்ப அது செய்துகொண்ட ஏற்பாடு. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வித்துப் பரம்பலைக் கற்பிக்கிற ஆசிரியர்கள் பாடசாலை வளவில் ஒரு கொடி வைத்தால் எத்தனை நல்லது!

இலையைத் தொட்டால் அரத்தாளைத் தொட்டதுபோல இருக்கும். அத்தனை சொரசொரப்பு. எங்கள் ஒழுங்கையில் திரியும் ஆடுகள் வேலியில் எதையும் விட்டுவைப்பதில்லை. இதை மட்டும் வாய் வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. பழைய தாவரவியல் புத்தகங்களில் இதற்கும் தேக்குக்கும் ஒரே குடும்பம். தேக்கு இலையின் சொரசொரப்பைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அது நியாயமாகவே படும். இப்போது தேக்கைத் துளசியின் குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெட்ரியா உண்ணிச்செடியோடு பழைய குடும்பத்திலேயே இருக்கிறது.

இனித் தோட்டத்துக்கு வருவோம்.

இந்தக் கொடி எங்கேயும் மலிவாகக் கிடைக்காததற்குக் காரணம், அதைப் பெருக்குவது லேசு இல்லை. வளவுகளில் நிற்கும் கொடிகளில் முளைக்கிற விதை கிடைப்பது அரிது. தண்டை வெட்டி நட்டால் சில பிடிக்கும், பல காய்ந்துபோகும். நிந்தவூரில் அவர்கள் செய்வது பதி வைத்தல். அதை அவர்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கை அத்தனை சுத்தம். பென்சில் தடிப்பில் முற்றிய கிளை ஒன்றைத் தெரிவு செய்து, ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரிக்கிறார்கள். உரித்ததும் விட்டுவிடுவதில்லை. கத்தியின் முதுகால் அந்த வெள்ளைக் கட்டையைச் சுற்றிச் சுற்றிச் சுரண்டுகிறார்கள். வழுவழுப்பு முழுவதும் போகும்வரை சுரண்ட வேண்டும். அந்த வழுவழுப்புத்தான் மாறிழையம், புதுப் பட்டையையும் கட்டையையும் உண்டாக்கும் மெல்லிய படை. கொஞ்சம் மிஞ்சினாலும் பட்டை திரும்ப ஒட்டிக்கொள்ளும், வேர் வராது. பிறகு ஊறவைத்துப் பிழிந்த தும்புச்சோற்றை ஒரு பிடி வைத்து, பொலித்தீனால் சுற்றி, இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுகிறார்கள்.

படிப்பித்த பழக்கத்தில் இதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஏறுவது உள்ளே இருக்கும் காழ் வழியாக. அது அறுபடாததால் கிளை வாடாது. இலையில் செய்த உணவு இறங்குவது பட்டையில் இருக்கும் உரியம் வழியாக. அது அறுபட்டதால் உணவு வளையத்துக்கு மேலே தேங்கி நிற்கிறது. அந்த விளிம்பிலிருந்துதான் வேர் கிளம்புகிறது. பொலித்தீனுக்குள்ளே வெள்ளை வேர் நிறையத் தெரிந்து, அது பழுப்பாக முற்றிய பிறகுதான் வெட்டி இறக்க வேண்டும். பெட்ரியாவில் இதற்கு மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் வெள்ளை வேரோடு வெட்டிப் பைக்குள் போட்டு விற்றுவிடுவார்கள். அப்படிப்பட்ட கன்று வீட்டுக்கு வந்து பத்துப் பதினைந்து நாளில் இலை உதிர்த்துப் போய்விடும்.

இந்தத் தோட்டத்தை நான் மெச்சுவது இந்த இடத்தில்தான். பூத்து நின்ற ஒரு கன்றைக் கையில் எடுத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள். தோட்டக்காரர் விடவில்லை. “டீச்சர், பூவோட நிக்கிறத எடுக்காதீங்க. இது இப்பதான் இறக்கினது. தாய்க்கொடிர தெம்பில பூத்து நிக்கிது. பஸ்ஸில போகக்குள்ளயே கொட்டிரும். இந்தா, இத எடுங்க” என்று உள்ளே போய், பூவே இல்லாத, பார்ப்பதற்குச் சோர்ந்த ஒரு கன்றைக் கொண்டுவந்தார். பையைக் கொஞ்சம் சாய்த்து, அடியில் வேர் சுற்றி வந்திருப்பதைக் காட்டினார். விற்கிறவர் ஒருவர் விலைபோகக்கூடிய கன்றை வாடிக்கையாளரின் கையிலிருந்து திரும்ப வாங்கி வைப்பதை வேறு இடங்களில் நான் கண்டதில்லை.

அவருடைய மனைவி கேட்ட கேள்வியும் எனக்குப் பிடித்திருந்தது. “டீச்சர்ர வளவு கடலுக்குக் கிட்டவா? கிணத்துத் தண்ணி உப்பா?” கல்லடி என்று சொன்னதும், கடல் காற்று நேராகப் படும் பக்கம் வைக்க வேண்டாம், வீட்டுக்குப் பின்னால், காற்று மறைவில், ஆனால் வெயில் முழுதாகப் படும் இடத்தில் வையுங்கள் என்று தெளிவாகச் சொன்னா. கோடை கடுமையாகிக் கிணறு உவராகும் காலத்தில் இலை விளிம்பு கருகுவதை என் கொடியில் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். கடற்கரையிலிருந்து தள்ளி, படுவான்கரைப் பக்கமோ அம்பாறை நகரப் பக்கமோ இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இருக்காது.

கன்று ஒன்று 1,200 ரூபா. கடதாசிப்பூவோடு ஒப்பிட்டால் கூடத்தான். ஆனால் ஒரு கன்றுக்குப் பின்னால் இருக்கும் மாதக்கணக்கான வேலையைப் பார்த்தால் நியாயமான விலை. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இணையத்தில் ஊதாப் பூக்கள் தொங்கும் படத்தைப் போட்டு, விஸ்டீரியா விதை என்று சின்னப் பொட்டலங்கள் விற்கிறார்கள். என்னோடு படிப்பித்த ஒருவர் வாங்கி ஏமாந்தா. விஸ்டீரியா சீனா, யப்பான், அமெரிக்காவின் கிழக்குப் பகுதி என்று குளிர்காலம் உள்ள இடங்களின் கொடி. குளிர் பட்டுத்தான் அதன் மொட்டு ஒழுங்காக வரும். விதை முளைத்தாலும் எங்கள் கல்லடி வெயிலில் நின்று அது எப்போது பூப்பது? அந்தப் படத்தில் கண்ட அழகு வேண்டும் என்றால் எங்கள் வெக்கைக்கு உரியது பெட்ரியாதான். அதன் பிறந்த இடம் மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள், தென்னமெரிக்காவின் வெப்பமான பகுதிகள். வெயில் அதற்குப் புதிது இல்லை.

பெயர் வந்த கதை எனக்கு எப்போதும் மனத்தை என்னவோ செய்யும். இங்கிலாந்தில் றொபேட் ஜேம்ஸ் பீற்றர் என்று ஒரு பிரபு இருந்தார். எசெக்ஸில் தன் மாளிகைத் தோட்டத்தில் பெரிய சூட்டுக் கண்ணாடி வீடுகள் கட்டி, வெப்ப நாடுகளின் செடிகளை எல்லாம் தேடித் தேடி வளர்த்தவர். 1742இல் பெரியம்மையில் இறந்துபோனார். அப்போது வயது 29. அவருடைய பெயரைத் தாங்கிய இந்தக் கொடியைச் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் தன்னுடைய தாவரப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். அங்கே நெருப்பு மூட்டிச் சூடாக்கிய கண்ணாடி வீட்டுக்குள் அவர்கள் வளர்க்கப் பாடுபட்ட இந்த வகைச் செடி எங்கள் மணலில் வெறும் வெளியில் நின்று பூக்கிறது. நாம்தான் அதை வைக்காமல் இருக்கிறோம்.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை, பைக்குள் போடும் கலவை. அநேகமாகத் தும்புச்சோறாகவே இருக்கிறது, மண் மிகக் குறைவு. நிழல்வலைக்குள் தினமும் தண்ணீர் ஊற்றும்போது அது பிரச்சினை இல்லை. எங்கள் வளவில் அந்தக் கட்டியை அப்படியே மணலுக்குள் வைத்தால், கச்சான் காற்று வீசும் மாதங்களில் தும்புச்சோறு ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிடும். காய்ந்த தும்புச்சோறு பிறகு தண்ணீரை லேசில் உறிஞ்சாது. ஊற்றுவதெல்லாம் கட்டியின் ஓரத்தால் மணலுக்குள் இறங்கிவிடும், நடுவில் வேர் தாகத்தோடு நிற்கும். ஆகவே நடுவதற்கு முன் பையோடு ஒரு வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை வையுங்கள். இதை அவரிடமே சொன்னேன். பசளை மண் விலை கூடிவிட்டது, செம்மண் ஏற்றிவருவதற்கும் செலவு என்றார். உண்மைதான், ஆனாலும் 1,200 ரூபாக் கன்றுக்கு இரண்டு பிடி மண் கூடப் போடலாம்.

எந்தக் கன்றிலும் பெயர் எழுதிய அட்டை இல்லை. அவர் இல்லாத நேரம் போனால் உதவிக்கு நிற்கும் பையனுக்குப் பெட்ரியாவையும் தன்பேர்ஜியா என்ற இன்னொரு பூங்கொடியையும் பிரித்துக் காட்டத் தெரியவில்லை. இலையைத் தடவிப் பார்த்து நீங்களே கண்டுபிடிக்கலாம். வெள்ளைப் பூ வகை ஒன்றும் இருக்கிறது. அது இங்கே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பூட்டியிருக்கும். பின்னேரம் போனால் திறந்திருப்பார்கள்.

நடுகிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று கடலோரம் முழுக்க ஒரே மணல். அதில் எதைப் போட்டாலும் மழையோடு கீழே இறங்கிப் போய்விடும். இரண்டடிக் குழி வெட்டி, அடியில் காய்ந்த தென்னந்தும்பும் மக்கிய இலையும் போட்டு, மேலே கூட்டெருவும் செம்மண்ணும் மணலும் கலந்து நிரப்புங்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது எங்கள் பக்கம் கன வீடுகளில் கூட்டெருக் குழி வெட்டினார்கள். இன்னும் மூடாமல் வைத்திருப்பவர்களுக்கு அது இப்போது கைகொடுக்கும். யூரியா வேண்டவே வேண்டாம். நைதரசன் கூடினால் கொடி இலையும் தண்டுமாக ஓடும், பூ வராது.

நடுவதற்கு நல்ல காலம் புரட்டாதிக் கடைசி, ஐப்பசி. வடகீழ்ப் பருவக்காற்று மழை தொடங்கும்போது கன்று நிலத்துக்குள் இருந்தால், தை மாதம் வரை வானமே தண்ணீர் ஊற்றும். அதற்குள் வேர் பிடித்துவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எங்கள் தாழ்ந்த வளவுகளில் கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் தேங்கும். பெட்ரியா வறட்சியைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. அப்படிப்பட்ட இடம் என்றால் ஓரடி உயரத்துக்கு மேடு கட்டி அதன் மேலே நடுங்கள். முதல் இரண்டு கோடைக்கும் தவறாமல் தண்ணீர் வேண்டும். பிறகு அது தன்பாட்டில் நிற்கும்.

பந்தலை லேசாக நினைக்காதீர்கள். இது சுற்றிப் படரும் கொடி. சில வருடங்களில் அடித்தண்டு மரமாகிவிடும், விட்டால் முப்பது அடிக்கு மேலும் ஏறும். கமுகஞ்சிலாகையில் கட்டிய பந்தல் இரண்டு மாரிக்குத் தாங்காது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட எங்கள் தலைமுறைக்குக் கார்த்திகைக் காற்றை நினைத்தே எதையும் கட்டும் பழக்கம் வந்துவிட்டது. நான் இரும்புக் குழாய் நான்கு நட்டு, அடியைச் சீமெந்தால் இறுக்கி, மேலே கம்பி வலை போட்டிருக்கிறேன். அத்தனை செலவுக்கு வசதி இல்லாதவர்கள் இதைக் கொடியாக வளர்க்கத் தேவையே இல்லை. ஓடும் நுனிகளை வெட்டி வெட்டி நெஞ்சளவு உயரத்தில் செடியாகவும் வைத்திருக்கலாம். நிந்தவூரில் அவர்களுடைய வாசலில் நிற்பது அப்படி வெட்டி வளர்த்ததுதான். பந்தல் கொடியைவிடக் கொத்துகள் கண்ணுக்குக் கிட்டத் தெரிகின்றன. வெட்டுவதைப் பூத்து முடிந்த கையோடு செய்ய வேண்டும். அடுத்த பூவுக்கான நுனிகள் வந்த பிறகு வெட்டினால் அந்த முறை பூவை இழக்க வேண்டியதுதான்.

பூச்சித் தொல்லை என் கொடியில் சொல்லும்படியாக இல்லை. வாசமும் பெரிதாக இல்லை, அதனால் மல்லிகையை எதிர்பார்த்து வாங்கவேண்டாம். சாமிக்கு வைக்கலாமா என்று ஒரு மாமி கேட்டா. நான் வைக்கிறேன். ஆனால் பறித்துக் கொஞ்ச நேரத்தில் நடுப்பூ கழன்றுவிடுவதால் மாலை கட்ட உதவாது, கொத்தாக அப்படியே வைக்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களும், வைத்த வருடமே பூக் காண வேண்டும் என்பவர்களும் இதை வாங்க வேண்டாம். பதி வைத்த கன்றுதான் சீக்கிரம் பூக்கும், அதுவும் நிலத்தில் நன்றாகப் பிடித்த பிறகுதான். சாடியில் வைக்க நினைப்பவர்கள் பெரிய சிமெந்துச் சாடி எடுத்து, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போதுமா என்று பார்த்து வையுங்கள். கட்டையாக வெட்டி வைத்திருந்தால் சாடியிலும் பூக்கும்.

போகிறவர்கள் ஆவணி, புரட்டாதியில் போங்கள். கோடையில் கட்டிய பதிகளை அந்த நேரத்தில்தான் இறக்கிப் பைகளில் போட்டுத் தேற்றி வைத்திருப்பார்கள், தெரிவு செய்ய நிறைய இருக்கும். பூ நிற்கும் கன்றைத் தேடாதீர்கள். பையின் அடியைக் காட்டச் சொல்லுங்கள், அவர் முகம் சுளிக்காமல் காட்டுவார். பஸ்ஸில் கொண்டுவருவதானால் ஈரச் சாக்கால் பையைச் சுற்றித் தரும்படி அவருடைய மனைவியிடம் கேளுங்கள், காசு எடுப்பதில்லை.